பந்தயத் தடத்துக்கும் ஒரு வர்ணனையாளர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மோட்டார் பந்தயம் என்றால் நம் பகுதி நாளிதழ்களில் பெரும்பாலும் இரண்டு வகைச் செய்திகளையே காண்கிறோம். ஒன்று, புறவழிச்சாலையில் பைக் ரேஸ் விட்ட இளைஞர்கள் பிடிபட்ட செய்தி. மற்றொன்று, துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் 2025 ஜனவரியில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது போன்ற வெளிநாட்டுச் செய்தி. இவ்விரண்டுக்கும் நடுவில், நம் மாநிலத்திலேயே இதற்கென்று கட்டப்பட்ட தடங்களில் முறையாக நடைபெறும் பந்தயங்கள் ஏறக்குறைய மறைந்தே கிடக்கின்றன. அப்படியொரு பந்தயத்தை அண்மையில் முதன்முதலாக நேரில் பார்த்துவந்த காரைக்குடிக்காரன் என்ற முறையில், வெளியூர்ப் பார்வையாளன் ஒருவனின் குறை ஒன்றைத் தங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன். எந்தத் தடம், நடத்தியவர் யார் என்பது இந்த முறையீட்டுக்குத் தேவையில்லை.

குறைக்கு முன்னால் நிறையைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகள் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியவனையும் நேரில் முதலில் தாக்குவது வேகமன்று, சத்தந்தான். வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே அதன் இரைச்சல் நெஞ்சில் வந்து அதிர்கிறது. நம்மை நோக்கி வரும்வரை கூர்மையாக இருந்த ஒலி, கடந்துபோன நொடியில் சட்டென்று தணிகிறது. பள்ளிக்கூடத்தில் டாப்ளர் விளைவு என்று உருப்போட்டது இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. தொலைக்காட்சியில் எல்லா வண்டிகளும் ஒன்றுபோலவே வளைவில் திரும்புவதாகத் தோன்றும். வேலியோரம் நின்று பார்க்கும்போதோ, ஒருவர் முன்கூட்டியே பிரேக்கை அழுத்திவிடுவதும், அடுத்தவர் இன்னும் சில கெஜ தூரம் துணிந்து போய் அழுத்துவதும், அந்தச் சிறு துணிச்சலிலேயே முந்துவதா பிந்துவதா என்பது முடிவாகிவிடுவதும் தெளிவாகத் தெரிகின்றன. பந்தயத்துக்கு முன்பு பணிமனைப் பக்கம் போய்ப் பார்க்க அனுமதித்தார்கள். அங்கே ஒரு மெக்கானிக் ஒவ்வொரு டயரின் காற்றழுத்தத்தையும் அளந்து, அதன் பக்கவாட்டில் சாக்பீஸால் எழுதிக்கொண்டே போனார். ஒரு டயரில் எழுதியதைக் கட்டைவிரலால் அழித்துவிட்டு, இம்மியளவு காற்றை இறக்கி, மறுபடி அளந்து எழுதினார். இத்தனை நிதானமான வேலைக்குப் பிறகா அத்தனை ஆவேசம் என்று எனக்கு வியப்பாக இருந்தது.

இனிக் குறைக்கு வருகிறேன். பார்வையாளன் அமர்ந்திருப்பது ஓரிடத்தில். தடமோ சில கிலோமீட்டர் நீளம். அவன் கண்ணுக்குக் கிடைப்பது ஒரு நேர்ச்சாலையும் ஒன்றிரண்டு வளைவுகளுந்தான். முதல் சில சுற்றுகளில் முன்னால் போகிறவர் யார் என்று தெரிகிறது. அதன்பின், ஒரு சுற்று பின்தங்கிய வண்டிகளும் முன்னணி வண்டிகளோடு கலந்துவிடுவதால், எது முதலிடம், எது கடைசியிடம் என்றே புரிவதில்லை. ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் ஏதோ சொல்கிறார்கள். வண்டிகள் நெருங்கினால் அதுவும் இரைச்சலில் அமுங்கிப்போகிறது. சுற்று எண்ணையும் முன்னணி வண்டிகளின் எண்களையும் காட்டும் பலகை பார்வையாளர் பக்கம் எங்கும் இல்லை. எனக்குப் பக்கத்தில் குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர், பாதிப் பந்தயத்தில், “யார் ஜெயிக்கிறாங்க?” என்று என்னிடம் கேட்டார். என்னால் கையை விரிக்கத்தான் முடிந்தது.

எனக்குத் துணை வந்திருந்த என் அக்காள் மகனுக்கு இதில் பழக்கம் உண்டு. “அம்மான், வண்டிய விடுங்க, கொடியப் பாருங்க” என்றான். அதற்குப் பிறகுதான் பந்தயம் எனக்குப் பிடிபடத் தொடங்கியது. மஞ்சள் கொடி அசைந்தால் முன்னே ஆபத்து இருக்கிறது, அங்கே யாரும் யாரையும் முந்தக்கூடாது. நீலக் கொடி என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது, பின்தங்கிய ஓட்டுநர் வழிவிட வேண்டும். மஞ்சளில் சிவப்புப் பட்டைகள் இருந்தால் தடம் வழுக்குகிறது. சிவப்பு என்றால் பந்தயமே நிறுத்தம். ஒரு வளைவில் வண்டி ஒன்று சுழன்று மணலில் சிக்கி நின்றபோது, அந்த இடத்தில் கொடி காட்டும் பணியிலிருந்த மார்ஷல் மஞ்சள் கொடியை வீசிய வேகத்தையும், பின்னால் வந்த ஓட்டுநர்கள் அத்தனை பேரும் முந்தும் எண்ணத்தை அடக்கிக்கொண்டு வரிசையாகக் கடந்துபோனதையும் பார்த்தேன். கொடியின் பொருள் தெரியாதவருக்கு அந்தச் சில நிமிடங்கள் வெறும் மந்தமான ஓட்டமாகவே தெரிந்திருக்கும். எனக்கு அதுவே அந்த நாளின் சிறந்த காட்சி. அக்காள் மகன் கூட வராத பார்வையாளர்களுக்கு இதையெல்லாம் யார் சொல்வது?

இந்தக் கேள்வியை நான் செட்டிநாட்டிலிருந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. சிவகங்கை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் மாவட்டங்களில் கோயில் திருவிழாவையொட்டி நடக்கும் மாட்டுவண்டிப் பந்தயங்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். பெரிய மாடு, நடுமாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவுகள்; போய்த் திரும்ப இத்தனை மைல் என்று எல்லை. அந்தப் பந்தயத்திலும் சாலையோரம் நிற்பவனுக்குக் கண்ணில் படுவது சில நொடிகள்தான். ஆனால் ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் வருகிற வர்ணனையாளர் எதையும் விடமாட்டார். எந்த ஊர் மாடு, யாருடைய வண்டி, சாரதி யார், துணைச்சாரதி யார், இரண்டாவது வண்டி எவ்வளவு நெருங்கிவிட்டது, போன பந்தயத்தில் இதே மாடு எங்கே தோற்றது என்பது வரை சொல்லிக்கொண்டே வருவார். எல்லையில் என்ன நடந்தது என்பது தொடக்க இடத்தில் காத்திருப்பவருக்கும் தெரிந்துவிடும். மைக் செட்டும் ஊர் அறிந்த ஒருவரின் தொண்டையும் மட்டுமே இதற்குச் செலவு. கிராமத்து விழாக்குழு செய்கிற இந்தக் காரியம், கோடிக்கணக்கில் பணம் புழங்கும் விளையாட்டில் ஏன் நடக்கக்கூடாது?

விவரம் கிடைப்பதில்லை என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வண்டியிலும் பொருத்தப்பட்ட சிறு கருவி, கோட்டைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் சமிக்ஞை அனுப்ப, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை சுற்று நேரம் கணிப்பொறியில் பதிவாகிவிடுகிறது. நேரக் கணக்கர் அறையில் இருக்கும் அந்தத் திரையில் முதல் ஆறு எண்களை மட்டும் பெரிய பலகை ஒன்றில் நம் பக்கம் திருப்பிக் காட்டினாலே போதும்.

சொல்வதற்குக் கதைக்கும் பஞ்சமில்லை. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தி, 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் கண்டது. (நம் கானாடுகாத்தான் பக்கத்திலும் அப்படியொரு பழைய ஓடுதளம் கிடக்கிறது; அங்கே பந்தயம் கேட்டு இந்தக் கடிதத்தை எழுதவில்லை, முதலில் விமானம் வரட்டும்.) கோவை அருகே செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீடுவே என்ற பந்தயத் தடத்துக்குப் பெயர் தந்த கரிவர்தன், மாருதி 800 காரின் என்ஜினை வைத்துக் குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கியவர். நம் தெருவில் காய்கறி வாங்கப் போன அதே என்ஜின் என்று பார்வையாளர்களுக்குச் சொல்லிப் பாருங்கள், அந்த வண்டியைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-இல் அமெரிக்க கிராண்ட் பிரீ என்ற ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் நான்காமிடம் பெற்றார் என்பது பட்டியலில் ஒரு வரி. டயர் பாதுகாப்புச் சிக்கலால் மிஷெலின் டயர் பூட்டிய 14 வண்டிகள் பந்தயம் தொடங்கும் முன்பே விலகிக்கொள்ள, ஆறு வண்டிகள் மட்டுமே ஓடிய விந்தையான நாள் அது என்று விவரம் தெரிந்தவர் சொன்னால்தான் அந்த வரிக்கு உயிர் வருகிறது. அது அவருடைய பெருமையைக் குறைப்பதாக நான் நினைக்கவில்லை. இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர் எடுத்த அந்த ஐந்து புள்ளிகள் விதிப்படி எடுத்தவையே.

சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருத்தடத்தில் இரவுப் பந்தயம் நடந்தபோதும் இதே குறைதான். மிக்ஜாம் புயலால் 2023 டிசம்பரில் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் நடந்த அந்தப் பந்தயத்தைப் பற்றி, அரசுப் பணம் செலவானது சரியா, போக்குவரத்து மாற்றம் எப்படி, நீதிமன்றம் என்ன சொன்னது என்று பக்கம் பக்கமாகப் படித்தோம். அவையெல்லாம் வேண்டிய செய்திகளே. ஆனால் ஓட்டுநர்கள் எப்படி ஓட்டினார்கள் என்பதைப் படித்த நினைவு எனக்கு அதிகமில்லை.

ஆகவே, பந்தயம் நடத்துவோருக்கு என் வேண்டுகோள்: தமிழில் வர்ணனை செய்ய விவரமறிந்த ஒருவரை அமர்த்துங்கள். ஓட்டத்தின்போது இரைச்சலில் கேட்காது என்றால், ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால், வண்டிகள் வரிசையில் நிற்கும் நேரத்தில், ஐந்து நிமிடம் பேசட்டும். வண்டி எண், ஓட்டுநர் பெயர், அவருடைய ஊர் ஆகியவை அச்சிட்ட ஒற்றைத் தாளை நுழைவுச்சீட்டோடு கொடுங்கள். தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு: பந்தய நாள்களை முன்கூட்டியே விளையாட்டுப் பக்கத்தில் வெளியிட்டு, கொடிகளின் பொருளை ஒரு சிறு கட்டத்தில் படத்தோடு அச்சிட்டால், அதைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போக என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
காரைக்குடி.