நேர்முகத் தேர்வைத் திருகோணமலையிலும் நடத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திறமையான மென்பொருள் ஆட்கள் கிடைப்பதில்லை என்று கொழும்புக் கம்பனிகள் சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். எங்கே தேடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிப்பிக்கிறார்கள். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவும் 2013 இலேயே வந்துவிட்டது. ஆனால் ஒரு நேர்முகத் தேர்வுக்கு எங்கள் பிள்ளைகள் 250 கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். இரவு ரயிலில் தூக்கமில்லாமல் போய், கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி முகம் கழுவிக்கொண்டு, அரை மணி நேரம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். அதில் தடுமாறினால் அவர்கள் எழுதிய கணினி நிரலை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பெண் பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம். துணைக்கு அப்பாவோ அண்ணாவோ வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கிறது.

ஆங்கிலம் தேவைதான், மறுக்கவில்லை. அதைப் பயிற்சிக் காலத்தில் வளர்த்துக்கொள்ளலாம். நிரலில் பிழை எங்கே என்று தேடிப் பிடிக்கும் பொறுமை அவ்வளவு சீக்கிரம் வராது. ஆகவே முதலில் ஒரு சின்ன வேலையைக் கொடுத்து, வீட்டிலிருந்தே செய்து அனுப்பச் சொல்லுங்கள். முதல் சுற்று நேர்முகத்தை இணையவழியில் வையுங்கள். 2020 இல் கொரோனா வந்தபோது பல கம்பனிகள் இப்படித்தானே ஆள் எடுத்தன?

அப்புறம், ஆண்டுக்கு ஒரு முறையாவது வளாகத்துக்கு வந்து இறுதியாண்டு மாணவர்களைச் சந்தியுங்கள். கொழும்பில் நல்ல நிலையில் இருக்கும் பழைய மாணவர்கள் தங்கள் கம்பனிகளிடம் இதை இப்போதே பேசத் தொடங்கலாம்.

வாசகர்,
உவர்மலை, திருகோணமலை.