பட்டயத்தின் மற்ற வரிகளையும் காட்டுங்கள்

வாரயிறுதித் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கும் சுற்றுலாக் குழுப் பெற்றோருக்கும்,

வணக்கம். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத் தலைநகர் பிராவிடன்ஸுக்கான பயணத் திட்டம் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. காலையில் ஸ்டேட் ஹவுஸ் என்ற மாநிலச் சட்டமன்றக் கட்டடம், அங்கே ரோட் ஐலண்ட் குடியேற்றத்துக்கு இங்கிலாந்து மன்னர் தந்த 1663ஆம் ஆண்டுப் பட்டயம், படிக்கட்டில் குழுப்படம், மதியம் சாப்பாடு, பிறகு நியூபோர்ட் மாளிகைகள். பிள்ளைகளுக்குக் கொடுக்கவிருக்கும் ஒரு பக்கக் குறிப்பையும் படித்தேன். ரோட் ஐலண்டுக்கு மதச் சுதந்திரம் தந்த பட்டயம் என்று ஆரம்பித்து அதோடு முடிந்துவிட்டது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

அந்த வரி பெருமைக்குரியதுதான், மறுக்கவில்லை. மத விஷயத்தில் மாறுபட்ட கருத்து வைத்திருப்பதற்காக, பொது அமைதியைக் கெடுக்காத வரை, யாரையும் துன்புறுத்தவோ தண்டிக்கவோ விசாரணைக்கு இழுக்கவோ கூடாது என்கிறது பட்டயம். நியூபோர்ட்டில் வாழ்ந்த, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மேரி டயரை மாசசூசெட்ஸ் அரசு பாஸ்டனில் தூக்கிலிட்டது 1660இல். அதற்கு மூன்றே ஆண்டுகள் கழித்து இப்படி ஒரு வரி!

பட்டயம் தந்த இரண்டாம் சார்லஸ் மன்னரின் தாராள மனசு என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். தன் நாட்டில் அதே காலத்தில் மாற்றுக் கிறிஸ்தவச் சபையினரை அவர் அரசு சிறையில் தள்ளிக்கொண்டிருந்தது. இந்தச் சலுகையை ஏன் கொடுக்கலாம் என்பதற்குப் பட்டயமே காரணமும் சொல்கிறது: அந்த இடம் அவ்வளவு தூரத்தில் இருப்பதால், இங்கே இங்கிலாந்தில் நிலைநாட்டிய மத ஒருமைக்குப் பங்கம் வராது என்று நம்புகிறோம்! எனக்குப் பிடித்த இடம் இது. சட்ட மொழிக்கு நடுவே மனிதர் மனசு எட்டிப் பார்க்கிறது.

அதை வாங்கி வந்தவர் ஜான் கிளார்க், நியூபோர்ட்டின் மருத்துவர், பாப்டிஸ்ட் போதகர். 1651இல், பிராவிடன்ஸை நிறுவிய ரோஜர் வில்லியம்ஸோடு லண்டன் போனவர், வில்லியம்ஸ் திரும்பிய பிறகும் அங்கேயே தங்கினார். இங்கிலாந்து நாடாளுமன்றம் 1644இல் தந்த பழைய உரிமைப் பத்திரம் அங்கே மன்னராட்சி திரும்பியதும் மதிப்பிழந்தது. புதியதை வாங்குவதற்காகத் தன் சொத்தை அடமானம் வைத்தார். குடியேற்றமோ அவருக்குத் தர வேண்டிய பணத்தை இழுத்தடித்தது. 1663 நவம்பரில் பட்டயம் நியூபோர்ட் வந்ததும், கேப்டன் ஜார்ஜ் பாக்ஸ்டர் பெட்டியைத் திறந்து ஊர் கூடியிருக்க உரக்கப் படித்தார். மன்னரின் முத்திரையோடு உயரத் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடி பெட்டிக்குள் வைத்தார்கள். குறிப்பில் இந்தக் காட்சியைச் சேருங்கள், சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

அன்று பாக்ஸ்டர் படித்ததில் இன்னும் சில வரிகள் உண்டு. தகுந்த காரணம் இருந்தால் பூர்வகுடிகளையும் மற்ற எதிரிகளையும் படையெடுத்து அழிக்கலாம் என்று குடியேற்றத்துக்கு அதிகாரம் தருகிறது பட்டயம். மதச் சுதந்திரம் இருக்கும் அதே தோல் ஏட்டில், அதே மையில். கூடவே ஒரு காப்பும் தருகிறது: இந்தப் பூர்வகுடிகள் மன்னராகிய நமக்கு அடிபணிந்து நம் பாதுகாப்பில் இருப்பவர்கள், ஆகவே மற்ற குடியேற்றங்கள் ரோட் ஐலண்ட் அரசின் சம்மதம் இல்லாமல் இந்த எல்லைக்குள் வந்து அவர்களைத் தாக்கக் கூடாது.

பன்னிரண்டே ஆண்டுகள்தான் தாக்குப்பிடித்தது இந்தக் காப்பு. 1675 டிசம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. அண்டைக் குடியேற்றங்களான மாசசூசெட்ஸ், பிளிமத், கனெக்டிகட் மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ ஆயிரம் படையாட்களை பிளிமத் ஆளுநர் ஜோசையா வின்ஸ்லோ தலைமையில் அனுப்பின. குடியேற்றங்களோடு நடந்த போரில் சிதறி ஓடிவந்த வாம்பனோக் என்ற பூர்வகுடி மக்களுக்கு, ரோட் ஐலண்டின் பூர்வகுடிகளான நாரகான்செட் மக்கள் இடம் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ரோட் ஐலண்டின் தெற்கே, கிரேட் ஸ்வாம்ப் என்ற சதுப்புக்கு நடுவே நாரகான்செட் மக்களின் கோட்டை இருந்தது. கடுங்குளிரில் சதுப்பு உறைந்து கிடந்ததால் படை உள்ளே நடந்தே போய்விட்டது. குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்திருந்த தானியமும் எரிந்தது. தப்பியவர்களுக்குப் பசியும் பனியும்தான் மிச்சம்.

ரோட் ஐலண்ட் அரசு முறைப்படி சம்மதம் தரவில்லை. ஆனால் படை கூடியது ரோட் ஐலண்ட் மண்ணில், விக்ஃபோர்டில் இருந்த ரிச்சர்ட் ஸ்மித்தின் வணிகக் குடியிருப்பில். 1676 மார்ச்சில் நாரகான்செட் வீரர்கள் பிராவிடன்ஸைக் கொளுத்தினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், பிடிபட்ட பூர்வகுடிகளை ஆண்டுக்கணக்கில் கொத்தடிமை வேலைக்குப் பங்கிட்டுக் கொடுத்த ஊர்க் குழுவில் ரோஜர் வில்லியம்ஸும் இருந்தார். நாரகான்செட் தலைவர்கள் கனோனிகஸும் மியான்டனோமியும் கொடுத்த நிலத்தில் 1636இல் பிராவிடன்ஸை நிறுவியவர் அவர், அவர்கள் மொழியைக் கற்றவர். நம் குறிப்பில் அவருக்கு ‘மனசாட்சியின் நண்பர்’ என்று ஒரு பட்டம் கொடுத்திருக்கிறீர்கள். பட்டம் இருக்கட்டும், 1676உம் பக்கத்தில் இருக்கட்டும்.

மதச் சுதந்திர வரியும் முழுசாகக் காப்பாற்றப்படவில்லை. நியூபோர்ட் யூத வணிகர் ஆரன் லோபெஸ் குடியுரிமை கேட்டபோது 1762இல் ரோட் ஐலண்ட் நீதிமன்றம் மறுத்தது. அவர் மாசசூசெட்ஸுக்குப் போய் வாங்கிக்கொண்டார். (மேரி டயரைத் தூக்கிலிட்ட அதே மாசசூசெட்ஸ்! அந்த லோபெஸும் அடிமை வணிகத்தில் பணம் போட்டவர் என்பது இன்னொரு கதை.) வாக்குரிமைக்காக 1842இல் தாமஸ் டோர் நடத்திய கிளர்ச்சி பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் போதும். சொந்த நிலம் இல்லாதவர்களுக்கு ஓட்டு இல்லை என்ற நிலைமைக்கு எதிராக எழுந்தது அது. மறு ஆண்டுதான், அதுவரை அரசியலமைப்பாக இருந்த பட்டயம் போய்ப் புது அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது.

எட்டு வயசுப் பிள்ளையிடம் படுகொலையைப் பேசலாமா என்று சிலர் கேட்பீர்கள். வேண்டாம். கீழ் நிலைகளுக்குப் பெட்டியும் முத்திரையும் கிளார்க்கின் கடனும் போதும். மேல் நிலைப் பிள்ளைகள் பள்ளியில் இதைவிடக் கனமானதை எல்லாம் படிக்கிறார்கள், அவர்களிடம் மறைக்க ஒன்றுமில்லை.

என் வேண்டுகோள் இதுதான். பெரிய பிள்ளைகளை மட்டுமாவது பிற்பகல் நியூபோர்ட்டுக்குப் பதிலாகத் தெற்கே சவுத் கிங்ஸ்டவுனுக்குக் கூட்டிப்போவோம். 1906இல் நட்ட கருங்கல் தூண் ஒன்று கிரேட் ஸ்வாம்பில் நிற்கிறது. அதற்கு முன்னதாகப் பூர்வகுடி மக்களே நடத்தும் டோமாக்வாக் அருங்காட்சியகத்துக்கும் போகலாம். முதலில் அவர்களிடம் பேசுவோம். குழுவாக வரலாமா, பிள்ளைகளிடம் யாராவது பேச முடியுமா, தூண் இருக்கும் இடத்துக்குப் போவதை அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டுவிட்டே நாள் குறிப்போம். நாரகான்செட் மக்கள் இன்றும் அந்த மாநிலத்தில் வாழ்கிறார்கள். 1880இல் மாநில அரசு அவர்கள் குலத்தையே சட்டப்படி கலைத்தது, 1983இல்தான் மத்திய அரசின் அங்கீகாரம் கிடைத்தது. அவர்களைக் கேட்காமல் அவர்கள் கதையை நாம் சொல்ல வேண்டாம்.

அருங்காட்சியகத்தோடு பேசும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். குறிப்பைத் திருத்தி ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன், இரண்டு பக்கத்தைத் தாண்டாது. தெற்கே போகும் பிள்ளைகளுக்கு ஈரத்தைத் தாங்கும் காலணி வேண்டும் என்பதை மட்டும் பெற்றோர் குழுவில் இப்போதே போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஏழாம் நிலை மாணவியின் அம்மா