பினாங்கின் பழைய இரும்பு வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிறை, பட்டர்வொர்த், ஜார்ஜ் டவுன் வட்டாரங்களில் பழைய இரும்புத் தொழில் நடத்தும் முதலாளிமார்களுக்கும் பாய்மார்களுக்கும் என் வணக்கமும் ஸலாமும்.

ஜார்ஜ் டவுனுக்கு வருவோரிடம் துறைமுகத்தின் வரலாற்றைச் சொல்லிப் பிழைப்பவன் நான். மூழ்கிய கப்பல்களைக் காப்பாற்றக் கோரி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அமைச்சுக்கும் அருங்காட்சியகத்துக்கும்தான் எழுதுவார்கள். உங்களுக்கு எழுதுவதே முறை என்று எனக்குப் படுகிறது. கடலடியில் கிடக்கும் கப்பலை அறுத்துத் தூக்குகிறவன், கிலோவுக்கு இன்ன விலை என்று கரையில் ஒருவர் சொல்வார் என நம்பித்தான் கடலில் இறங்குகிறான். அந்த விலையை நீங்கள் சொல்லாதீர்கள். நான் கேட்க வந்தது இதைத்தான்.

2023 மே மாதக் கடைசியில் ஜொகூர் கடற்பகுதியில் 'சுவான் ஹொங் 68' என்ற சீனக் கப்பலை நமது மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம் தடுத்து வைத்தது. உள்ளே துருப்பிடித்த இரும்பும் பழைய பீரங்கிக் குண்டுகளும் இருந்தன. 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களிலிருந்து அவை வந்திருக்கலாம் என்று சந்தேகம் எழுந்தது. 1941 டிசம்பர் 10 அன்று குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த கப்பல்கள் அவை. 840 பேர் மாண்டார்கள். பலருடைய உடல்கள் அந்த இரும்புக்குள்ளேயே தங்கிவிட்டன. ஜாவாக் கடலில் நடந்தது இன்னும் கொடுமை. 1942 பிப்ரவரியில் அங்கே மூழ்கிய டச்சுப் போர்க்கப்பல்களைப் பார்க்க 2016-இல் முக்குளிப்பாளர்கள் இறங்கினார்கள். 'டி ரய்ட்டர்', 'ஜாவா' என்ற இரண்டு பெரிய கப்பல்கள் இருந்த இடத்தில் கப்பலே இல்லை. அவை கிடந்த பள்ளம் மட்டும் மணலில் பதிந்து கிடந்தது.

மயானத்து வேலியோ கபர்ஸ்தானின் கதவோ லோரியில் வந்து இறங்கினால் நீங்கள் எடைமேடையில் ஏற்றவிடமாட்டீர்கள். கொண்டுவந்தவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவீர்கள். இந்தக் கப்பல்களுக்கும் அதே மரியாதையைக் கொடுங்கள்.

சட்டம் உங்களுக்குத் தெரியாததில்லை. 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி, நம் கடலில் இப்படி ஒன்றைக் கண்டவர் மரபுடைமை ஆணையரிடமோ துறைமுக அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். உரிமம் இல்லாமல் அதை எடுப்பது குற்றம். ஆனால் சட்டத்தைக் காட்டி மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. கடலோ பெரிது, ரோந்துப் படகுகளோ சில. எடைமேடை இருப்பது உங்கள் முற்றத்தில்.

கடலிலிருந்து வந்த சரக்கை அடையாளம் காண உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறையில் ஒரு பெரியவர் தம் முற்றத்தில் கிடந்த தகடு ஒன்றைத் திருப்பி எனக்குக் காட்டினார். அடிப்பக்கத்தில் கொட்டலசு என்ற ஓட்டுயிர் ஒட்டியிருந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக வட்டத் தழும்புகள். விளிம்பில் வரிசையாக, தகடுகளை இணைக்க அடித்த ரிவிட் ஆணிகளின் தலைகள். "வெல்டிங் பரவுவதற்கு முன்னால் கட்டிய கப்பல்" என்றார், யோசிக்காமலே. கட்டைவிரலால் அழுத்தினார், இரும்பு அப்பளம்போல் ஏடு ஏடாக உதிர்ந்தது. உப்பு ஊறிய இரும்பு தண்ணீருக்குள் பல காலம் தாங்கும். வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும், உள்ளிருக்கும் உப்பு அதைப் பிளக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் அருங்காட்சியகத்தார் அப்படிப்பட்ட பொருளை மாதக்கணக்கில், சிலசமயம் ஆண்டுக்கணக்கில், தொட்டியில் ஊறப்போட்டு உப்பை இறக்குகிறார்கள். வார்ப்பிரும்புப் பீரங்கிகளின் மேற்புறம் கத்தியால் சுரண்டும் அளவுக்கு மெத்தென்று ஆகியிருக்கும். ஆணித்துளைகள் போட்ட மெல்லிய செப்புத் தகடு வந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். மரக்கப்பலின் அடிப்பாகத்தைக் கப்பல் புழு துளைக்காமல் இருக்க, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அப்படித்தான் தகடு அடித்தார்கள்.

ஒரு பொருள் எங்கே, எதன் பக்கத்தில் கிடந்தது என்பதைத்தான் தொல்லியல் ஆய்வாளர் முதலில் குறித்துக்கொள்வார். மூட்டையில் வந்த செம்பு வெறும் செம்புதான். கடல்தரையில் அதே செம்பு ஒரு பீங்கான் குவியலுக்கும் ஒரு நங்கூரத்துக்கும் நடுவில் கிடந்தால், கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தது, சரக்கை எப்படி அடுக்கியிருந்தார்கள் என்றெல்லாம் சொல்லிவிடலாம். இரும்புக் கவ்வியை இறக்கி ஒருமுறை அள்ளினால் அத்தனையும் போயிற்று. 2001-இல் யுனெஸ்கோ நிறைவேற்றிய உடன்படிக்கை, கடலடி மரபுச் செல்வத்தை இருக்கும் இடத்திலேயே விட்டுவைப்பதை முதலில் பரிசீலிக்கச் சொல்வதும் இதனால்தான்.

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் கப்பல்கள், நமக்கென்ன என்று யாராவது கேட்கலாம். 1817 மார்ச்சில் மலாக்கா அருகே மூழ்கிய 'டயானா' சீனாவிலிருந்து சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தது. 1990-களில் அதிலிருந்து ஏறக்குறைய 24,000 பீங்கான் பொருள்களை எடுத்தார்கள். சென்னையில் கரையிறங்க வேண்டிய தட்டுகளும் கிண்ணங்களும் 1995-இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போயின. நாகப்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டைக் கரைகளிலிருந்து பினாங்குக்கு வந்த சூலியா என்ற தமிழ் முஸ்லிம் வணிகர்களும் இந்த மலாக்கா நீரிணை வழியாகத்தான் வந்தார்கள். உங்களில் பலருடைய பாட்டன்மார் வந்த வழி அது. இந்தச் சேற்றுக்கடியில் நம் கரைக் கப்பலும் ஒன்று கிடக்கலாம். முறையாகத் தேடிப் பார்க்குமுன் அது உலைக்குப் போய்விடக் கூடாது.

உங்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். எங்கே ஏற்றியது என்று சொல்லத் தயங்குகிறவனிடம் ரிவிட் தகடோ கப்பல் வெண்கலமோ வாங்குவதில்லை என்று. ஏற்கெனவே வந்து கிடப்பதை அறுக்குமுன் நாலு படம் எடுத்துவிட்டு மரபுடைமைத் துறைக்குச் சொல்லுங்கள். குண்டு வடிவில் எது இருந்தாலும் கேஸ் கட்டரைக் கிட்டே கொண்டுபோகாமல் போலீசைக் கூப்பிடுங்கள். தானாக முன்வந்து சொல்கிற வணிகரை அலைக்கழிக்க வேண்டாம் என்று அதிகாரிகளையும் இங்கேயே கேட்டுக்கொள்கிறேன். வழக்குக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ளும் நிலை வந்தால் யாருக்கும் பயனில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். சென்னையில் குண்டு போட்ட அதே ஜெர்மன் போர்க்கப்பல் 'எம்டன்', ஐந்து வாரம் கழித்து, 1914 அக்டோபர் 28 விடியற்காலையில் நம் துறைமுகத்துக்குள் புகுந்து 'செம்சுக்' என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. 80-க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது. பிற்பாடு அந்தக் கப்பலிலிருந்து இரும்பைப் பிரித்தெடுத்தார்கள். அதில் கொஞ்சமாவது இந்த ஊர்க் கடைகள் வழியாகப் போயிருக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம். மூன்று தலைமுறையாக இத்தொழிலில் இருக்கும் குடும்பங்கள் உங்களில் இருக்கின்றன. பரணில் பழைய பேரேடோ கொள்முதல் சீட்டோ இருந்தால், கரையான் தின்றதாகவே இருந்தாலும், எறிந்துவிடாதீர்கள். தகவல் சொன்னால் நானே வந்து, உங்கள் கண்முன்னே படம் எடுத்துக்கொண்டு ஏட்டை உங்களிடமே தந்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஜார்ஜ் டவுன் சுற்றுலா வழிகாட்டி ஒருவன்