கேசட்டில் அறுந்துபோன கடைசி நிமிடம்

கேம்பிரிட்ஜ்,
7 டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீ, அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் நலமா? அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

இங்கே மூன்றே முக்காலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. சைக்கிளில் வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் கையுறைக்குள்ளும் விரல் மரத்துப்போகிறது. மில் ரோட்டில் கறிவேப்பிலை கிடைக்கிறது, புளி கிடைக்கிறது, சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று அம்மாவிடம் சொல். வாரா வாரம் போனில் பேசினாலும் இந்த விஷயத்தை எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

போன சனிக்கிழமை ஒரு சாரிட்டி கடையில் பழைய இசைத்தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'விஷ் யூ வேர் ஹியர்' கையில் தட்டுப்பட்டது. திருச்சியில் ரெக்கார்டிங் கடையில் சொல்லிவைத்து, 90 நிமிட கேசட்டில் ஒரு பக்கம் முழுக்க நீ பதிந்துகொண்டு வந்த அதே ஆல்பம். அட்டையை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். நமக்குத் தெரிந்ததெல்லாம் கேசட் தாளில் உன் கையெழுத்துதானே! இரண்டு பேர் கைகுலுக்குகிறார்கள், அதில் ஒருவர் உடம்பில் தீ எரிகிறது. ஒரு சண்டைக் கலைஞருக்குத் தீப்பிடிக்காத உடையை உள்ளே மாட்டிவிட்டு, நிஜமாகவே கொளுத்திப் படம் எடுத்திருக்கிறார்கள்.

அறைத்தோழரின் பிளேயரில் போட்டேன். முதல் பாட்டு 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்'. எட்டு நிமிடத்துக்கு மேல் குரலே வராது, ஞாபகம் இருக்கிறதா? "பாட்டு எப்படா ஆரம்பிக்கும்?" என்று அப்பா ஈசி சேரில் இருந்தபடியே கேட்பார். அந்த நான்கு கிட்டார் ஸ்வரங்கள் வந்ததும் நீதான் ஞாபகத்துக்கு வந்தாய். மேற்கத்திய ஜி ஸ்வரத்தை ஸட்ஜமாக வைத்தால் க, நி, ஸ, த, எல்லாம் கரகரப்பிரியா ராகத்துக்குள் இருக்கிறது என்று வயலினில் வாசித்துக் காட்டினாயே. அன்றைக்கு எனக்கு அது ஒரு வித்தையாகத்தான் பட்டது. இப்போது கேட்கும்போது, யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போல இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்த நாலுக்குப் பிறகு எவ்வளவு இடம் விட்டிருக்கிறார் கிட்டார் வாசிக்கும் கில்மோர்!

கூப்பிடப்படுகிறவர் இந்த ஊர்க்காரர், அண்ணா. சிட் பாரெட் பிறந்து வளர்ந்தது கேம்பிரிட்ஜில்தான். நான் தினமும் போகும் ஹில்ஸ் ரோட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில்தான் அவரும் அதே குழுவின் ரோஜர் வாட்டர்ஸும் படித்தார்கள். குழுவின் ஆரம்பகாலப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர், மனம் குலைந்து 1968இல் விலகிப்போனார். 1975 ஜூன் 5ஆம் தேதி, லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் இவரைப் பற்றிய இதே பாட்டில் அவர்கள் வேலை செய்துகொண்டிருந்தபோது, தலையும் புருவமும் மழித்த, உடம்பு பெருத்த ஒருவர் உள்ளே வந்து நின்றிருக்கிறார். கொஞ்ச நேரம் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பாரெட் என்று தெரிந்ததும் வாட்டர்ஸ் அழுதிருக்கிறார். ஏழே வருஷம்தான் ஆகியிருந்தது.

பிறகு அவர் இந்த ஊருக்கே திரும்பி, ஓவியமும் தோட்டமுமாக ஒதுங்கி வாழ்ந்து, 2006 ஜூலையில் போய்ச்சேர்ந்தார். அந்த வீட்டைத் தேடிப் போகலாம் என்றார் உடன் வேலை பார்ப்பவர். நான் மறுத்துவிட்டேன். உயிரோடு இருந்தபோதே ஆட்கள் வந்து கதவைத் தட்டுவது அவருக்குப் பிடிக்காது.

நம் பழைய வழக்கு ஒன்றில் உனக்குத்தான் ஜெயம். இதே ஆல்பத்தின் 'ஹேவ் எ சிகார்' பாட்டில் வரும் குரல் குழுவில் இல்லாத வேறு ஆளுடையது என்று நீ சொன்னாய், நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. ராய் ஹார்ப்பர் என்ற பாடகர் பாடியதாம். அதே கட்டடத்தில் தன் ஆல்பத்தைப் பதிந்துகொண்டிருந்தவரைக் கூப்பிட்டுப் பாட வைத்திருக்கிறார்கள்.

அடுத்த பாட்டு, ஆல்பத்தின் பெயரையே கொண்ட 'விஷ் யூ வேர் ஹியர்'. அதன் தொடக்கத்தில் சத்தம் மெலிந்து கரகரக்குமே, டேப் ஹெட்டில் அழுக்கு என்று பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு எத்தனை தடவை துடைத்தோம்! இசைத்தட்டிலும் அப்படியேதான் இருக்கிறது. கில்மோரின் கார் ரேடியோவில் நிலையம் நிலையமாகத் திருப்பிப் பதிந்த ஒலி அது. அதற்குப் பின் வரும் கிட்டார் ரேடியோவுக்குள்ளிருந்து வருவது போல ஒடுங்கிக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் இன்னொரு கிட்டார் பக்கத்திலேயே தெளிவாகச் சேர்ந்துகொள்ளும். எங்கோ தூரத்தில் ஒருவர் வாசிக்க, வீட்டில் உட்கார்ந்து ஒருவர் கூட வாசிக்கிறார். போன சனிக்கிழமை இந்த இடத்தில் ஊசியை மூன்று முறை பின்னால் எடுத்து வைத்தேன்.

இந்தப் பாட்டில் வயலின் உண்டு என்று உனக்குத் தெரியுமா? வயலின் கலைஞர் ஸ்டீபன் கிராப்பெல்லி, இன்னொரு வயலின் மேதை யெஹுதி மெனுகினோடு பக்கத்து ஸ்டூடியோவில் வாசித்துக்கொண்டிருந்தபோது இவர்கள் அழைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் வாசித்ததைக் கடைசிக் கலவையில் ஏறக்குறைய அமுக்கிவிட்டார்கள். அது முழுதாக வெளியே வந்தது 2011இல்தான். தேடிக் கேட்டேன். குரலைச் சுற்றிச் சுற்றி வருகிறது, அவ்வளவு அழகு. ஏன் ஒதுக்கினார்கள் என்று எனக்கு ஆற்றவில்லை.

கடைசியாக, நமக்குக் கிடைக்காமலே போன அந்த இடம். ஆல்பத்தின் முடிவில் 'ஷைன் ஆன்' பாட்டே மறுபடி வருமே, அதன் முடிவு. கடைக்காரர் தட்டைத் திருப்பிப் போட்ட நேரத்தில் ஓடிய நாடா, கடைசி ஒரு நிமிடத்தைத் தின்றுவிட்டது. டக்கென்று நிற்கும். பாட்டே அப்படித்தான் முடிகிறது என்று இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம். இல்லை, அண்ணா. மெல்லத் தேய்ந்துகொண்டே போகிறது. சத்தம் அடங்கப்போகும் சமயத்தில் குழுவில் கீபோர்டு வாசிக்கும் ரிச்சர்ட் ரைட்டின் சிந்தசைசர், 1967இல் பாரெட் எழுதிய 'சீ எமிலி பிளே' பாட்டின் மெட்டை ஒரு தடவை மட்டும் வாசிக்கிறது. காதைக் கூர்மையாக வைத்தால்தான் கேட்கும். அத்தனை நேரம் அவரைக் கூப்பிட்டுவிட்டு, முடிவில் அவருடைய பாட்டையே அவருக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பொங்கலுக்கு இரண்டு வாரம் விடுப்பு கிடைத்திருக்கிறது. இசைத்தட்டைத் துணிக்கு நடுவில் வைத்துக் கொண்டுவருகிறேன். ஊரில் யாரிடமாவது பிளேயர் இருக்கிறதா என்று விசாரித்து வை. கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே. பரண்மேல் கிடக்கும் வயலினை இறக்கி, தந்தி மாற்றி வை.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புத் தம்பி