காலை எட்டு மணிக்கு மேல் நாயைப் படுக்க வைக்காதீர்கள்: கீழ்ப்படிதல் போட்டிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களுக்கான கீழ்ப்படிதல் சாம்பியன்ஷிப் போட்டியை நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம்.

கத்திரி வெயிலில், மாதவரம் பக்கத்து டர்ஃப் மைதானத்தில் அன்று நடந்ததை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள், பந்தலுக்குள். பன்னிரண்டாம் எண் நாயின் ஹேண்ட்லர், அதாவது ரிங்கில் அதை நடத்திக் கட்டளை கொடுப்பவன், நான். மார்க் ஷீட்டில் 'ஜம்ப்: கீழ்ப்படியவில்லை, 0' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஜூலியின் ஆள்.

மார்க்கைத் திருத்தச் சொல்லி இதை எழுதவில்லை. அது போனது போனதுதான். உங்கள் விதிப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி சேர்க்கச் சொல்லி எழுதுகிறேன்: காலை எட்டு மணிக்கு மேல் எந்த நாயையும் லாங் டவுனில், அதாவது ஹேண்ட்லர் விலகி நிற்க நாய் அசையாமல் படுத்தே கிடக்கும் பயிற்சியில், போடாதீர்கள்.

ஜூலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் யாரும் ஜெர்மன் ஷெப்பர்டு என்று சொல்வதில்லை, அல்சேஷன்தான். கொடுங்கையூரில் பிறந்தவள், நாற்பத்தைந்து நாள் குட்டியாக என் சட்டைக்குள் உட்கார்ந்து கொருக்குப்பேட்டைக்கு வந்தவள். எங்களுடையது மாடியில் ஒற்றை அறை வீடு. பழக்க இடம் கிடையாது. பூங்காவில் நாய்க்கு அனுமதி இல்லை, பள்ளிக்கூட மைதானத்தில் வாட்ச்மேன் விட மாட்டார். அதனால் விடியற்காலை நாலரைக்கு அவளை எக்ஸெல் வண்டியின் முன்பக்கம் உட்கார வைத்து காசிமேட்டுக்குப் போவேன். மீன்பிடித் துறைமுகத்து வாசலுக்கு வெளியே கூடையும் ஐஸ் பெட்டியும் மீன் வண்டியும் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் அவள் லாங் டவுன் கற்றுக்கொண்டாள். துப்பாக்கி வெடித்தாலும் நாய் அசையக் கூடாது என்கிறது உங்கள் விதி. ஏலக் கூச்சலுக்கும் மூக்குக்கு நேரே போகிற வஞ்சிரத்துக்கும் அசையாதவளுக்குத் துப்பாக்கி எம்மாத்திரம்? கூடையை இறக்கி வைத்த ஒரு அம்மா ஒருநாள் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னா நைனா, நெசமாவே நாயா, இல்ல பொம்மையா?" என்று கேட்டார். இரண்டு வருடத்தில் நான் வாங்கிய ஒரே பதக்கம் அதுதான்.

படு என்றால் படுத்துக் கிடப்பாள். எழுந்திரு என்று நான் சொல்லும் வரை கிடப்பாள். இதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

வடசென்னையில் ஒரு போட்டி வையுங்கள் என்று நாங்கள் கேட்காத வருஷமில்லை. உங்களுக்கு எப்போதும் ஈ.சி.ஆர். பக்கம், இல்லாவிட்டால் தாம்பரம் தாண்டி. நாயை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், மெட்ரோவிலும் ஏற்ற முடியாது. ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து "கடிக்குமா சார்?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கிளம்பிவிடுவார். நாலு பேர் பணம் போட்டுக் குட்டி யானை பிடித்து, நாய்களோடு நாய்களாகப் பின்னால் உட்கார்ந்து போய் வந்துகொண்டிருந்தோம். இந்த முறை மாதவரம் என்றதும் பக்கத்து வீட்டுக்கெல்லாம் இனிப்பு கொடுத்தேன். மே மாதம் என்பது உறுத்தியது. ஆனால் நோட்டீஸில் காலை 6.30 என்று போட்டிருந்தீர்கள். சரி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவார்கள் என்று நம்பினேன்.

6.30-க்கு சாமியானாவுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வந்தபோது மணி 9.10. குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை, அவரைப் பற்றி ஒருவர், அவரைப் பற்றிப் பேசியவரைப் பற்றி இன்னொருவர். அப்புறம் அழகுப் போட்டி. எங்கள் முறை வந்தபோது 11.35.

அந்த மைதானத்தில் இருப்பது புல் இல்லை, பிளாஸ்டிக். நடுவே கறுப்பு ரப்பர் தூள் தூவியிருப்பார்கள். நிஜப் புல் வெயிலில் இவ்வளவு சுடாது. இது வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு கீழிருந்து திருப்பிக் கொடுக்கும். ராத்திரி விளக்கு போட்டுப் பையன்கள் பந்து விளையாடத்தான் அந்த இடம் லாயக்கு. ஷூ போட்ட கால்களுக்கு உச்சி வெயிலில் அதன் சூடு தெரியாது. அன்று ரிங்கில் ஷூ போடாமல் நின்றவை நாய்கள் மட்டும்தான்.

ஐ.ஜி.பி. என்கிற சர்வதேச வேலைநாய்த் தேர்வு முறையைப் பார்த்துத்தான் உங்கள் விதிகளை எழுதியிருக்கிறீர்கள். ஜோடியில் ஒரு நாய் பயிற்சிகளைச் செய்துகாட்டும்போது மற்றது ஓரமாகப் படுத்திருக்க வேண்டும். மேல்நிலையில் ஹேண்ட்லர் நாயின் கண்ணில் படாமல் மறைந்து நிற்க வேண்டும். நூற்றுக்குப் பத்து மார்க். ஜூலியை ஓரத்தில் படுக்க வைத்துவிட்டு நான் துணித் திரைக்குப் பின்னால் போனேன். அங்கே ஒரு வேப்பமரம் இருந்தது, நல்ல நிழல். இதைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியனாக மாட்டேன்.

பத்து நிமிடத்தில் முடிய வேண்டியது. ஏழாவது நிமிடத்தில் மைக்கில் அறிவிப்பு வந்தது: சிறப்பு விருந்தினர் விடைபெறுகிறார், குழுவினரும் நடுவரும் ஒரு புகைப்படத்துக்கு வரவும். ரிங்கில் இருந்த முதல் நாயை அதன் ஹேண்ட்லர் நிழலுக்குக் கூட்டிப் போய் தண்ணீர் காட்டினார். அவர் செய்தது சரிதான், நடுவரே இல்லாதபோது எதைச் செய்துகாட்டுவது? போட்டி நின்றது என்று தெரியாத ஒரே ஜீவன் ஜூலி. ரிங் ஸ்டீவர்டிடம், "தம்பி, நாயைக் கூப்பிட்டுக்கவா?" என்று கேட்டேன். "வெளிய வந்தீங்கன்னா டிஸ்குவாலிஃபை ஆயிடும் சார், ஒரு ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கோங்க" என்றார். சின்னப் பையன், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பொறுத்துக்கொண்டேன். போனில் மணி பார்த்தேன், மொத்தம் பதினேழு நிமிடம்.

நான் வந்தபோது அவள் போட்ட இடத்தில் போட்டபடியே கிடந்தாள், நான் மறைந்த மூலையைப் பார்த்துக்கொண்டு. நாக்கு தரையைத் தொட்டது, அதன் ஓரமெல்லாம் செங்கல் நிறம். உட்காரச் சொன்னேன், எழுந்து உட்கார்ந்தாள். முன்கால்களை ஒன்று மாற்றி ஒன்றாகத் தூக்கித் தூக்கி வைத்தாள். அப்போதே லீஷைப் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். நடுவர் கையைக் காட்டினார், நான் நடந்தேன். அவளும் என் இடது முழங்காலை விட்டு விலகாமல் நடந்தாள். கடைசியில், நாய் தாண்டிப் போய் கவ்விக்கொண்டு வர வேண்டிய 650 கிராம் மர டம்பெல்லை ஒரு மீட்டர் தடைக்கு அந்தப் பக்கம் எறிந்து அவளை அனுப்பினேன். தடை வரைக்கும் ஓடினாள். தாண்டவில்லை. மே மாதம் பன்னிரண்டு மணிக்கு சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலையில் இருக்கும், அந்தப் பலகையின் அடியில் நாலு விரல் அகலத்துக்குத்தான் நிழல். அந்த நாலு விரல் நிழலில் மூக்கை மட்டும் நுழைத்துக்கொண்டு படுத்துவிட்டாள். நான் சொல்லாமல் அவள் ரிங்கில் படுத்தது அதுதான் முதல் தடவை.

அதற்குத்தான் அந்த 0. மொத்தம் 68, தேர்ச்சிக்கு 70 வேண்டும்.

வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனபோது காய்ச்சல் 105 டிகிரி. நாய்க்கு 101, 102 சாதாரணம். நாலு பாதத்திலும் கொப்புளம், முன்கால் இரண்டிலும் தோல் உரிந்து தொங்கியது. முழங்கை மடங்குகிற இடத்திலும் வயிற்றிலும் சிவந்திருந்தது. ஈரத்துணி போட்டு, டிரிப் ஏற்றி, சூட்டை மெல்ல மெல்ல இறக்கினார்கள். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அதிலும் இந்த இனத்துக்கு இரண்டு அடுக்கு ரோமம். இதெல்லாம் நாய் இனச் சங்கம் நடத்துகிற உங்களுக்கு நான் பாடம் எடுக்கிற விஷயமா?

மறுநாள் உங்களில் ஒருவருக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் சார். ஜெர்மனியிலயும் இதே ரூல்தான். நாங்க எப்படி மாத்த முடியும்?" என்றார்.

அந்த ஜெர்மன் விஷயத்துக்கு வருகிறேன். ஐ.ஜி.பி. விதியில், கட்டளை எந்த மொழியிலும் இருக்கலாம், ஒரு செயலுக்கு எப்போதும் ஒரே சொல்லாக இருந்தால் போதும் என்று இருக்கிறது. உங்கள் விதியில் ஆங்கிலம் அல்லது ஜெர்மன் மட்டும் என்று இருக்கிறது. 'படு', 'வா', 'விடு' என்று கற்றுக்கொண்ட நாய்க்கு 'ப்ளாட்ஸ்', 'ஹியர்', 'அவுஸ்' என்று மறுபடி சொல்லிக்கொடுக்க எனக்கு நாலு மாதம் ஆனது. காசிமேட்டில் நின்று நான் 'ப்ளாட்ஸ்' என்று கத்தியபோது, பிளாஸ்டிக் கவர் கேட்கிறேன் என்று நினைத்து ஒருவர் எடுத்து நீட்டினார். ஆக, வேண்டுமென்றால் உங்களால் விதியை மாற்ற முடிகிறது. மொழியில் கை வைக்க முடிந்தவர்களுக்குக் கடிகாரத்தில் கை வைக்க முடியாதா? நுங்கம்பாக்கத்தில் 2003 மே மாதம் 45 டிகிரி பதிவான ஊர் இது. வெயிலையும் ஜெர்மனியிலிருந்தே இறக்குமதி செய்துவிட்டால் எனக்கும் புகார் இல்லை.

1899-இல் இந்த இனத்துக்குச் சங்கம் தொடங்கிய ஸ்டெஃபானிட்ஸ், பார்க்க அழகாக இருப்பதைவிட வேலை செய்வதுதான் இந்த நாய்க்கு முக்கியம் என்று ஒற்றைக் காலில் நின்றவர். உங்கள் பேனரிலும் அவர் படம் இருந்தது. அதன் கீழேதான் காலைக் குளிர்ச்சியில் ஒரு பகுதியைப் பொன்னாடைக்கும் மீதியை அழகுப் போட்டிக்கும் கொடுத்துவிட்டு, வேலை செய்கிற நாய்களை உச்சி வெயிலுக்கு ஒதுக்கினீர்கள். அழகுப் போட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. சிறப்பு விருந்தினரும் வரட்டும், வராமல் நம் ஊரில் எது நடக்கிறது? ஆனால் அவருக்குப் பந்தல் உண்டு, ஏர் கூலர் உண்டு, இளநீரும் உண்டு. அவர் எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் வரலாம். லாங் டவுனை முன்னால் வைத்துவிட்டு குத்துவிளக்கைப் பின்னால் வைத்தால் விளக்கு கோபித்துக்கொள்ளாது.

கொஞ்சம் சூடாகிவிட்டேன், மன்னிக்கவும். 1960-ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துக்கொண்டு வா என்று நண்பர்கள் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்களில் பலர் நாயைப் பிள்ளைபோல் வளர்ப்பவர்கள் என்று எனக்குத் தெரியும். ஜூலிக்குக் கட்டுப் போட்டிருந்த வாரத்தில் குழுவிலிருந்து ஒருவர் வீடு தேடி வந்து மாடிப்படி ஏறிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் பெயரைச் சொல்லமாட்டேன், சங்கடப்படுவார்.

விதியை எப்படி எழுதுவது என்று நானே யோசித்தும் பார்த்தேன். "லாங் டவுன் காலை எட்டு மணிக்குள் முடிய வேண்டும். அதற்கு முன்பும், நடுவர் தன் புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ண வேண்டும். கையை எடுக்க வேண்டி வந்தால் நாயைப் படுக்க வைக்கக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவாவது போட்டி நின்றால், ஓரத்தில் படுத்திருக்கும் நாயை முதலில் எழுப்ப வேண்டும். ஹேண்ட்லர் தன் நாயைக் கூப்பிட்டுக்கொண்டால் அதற்கு மார்க் குறைக்கலாம், வெளியேற்றக் கூடாது." உங்கள் பாஷையில் திருத்திக்கொள்ளுங்கள். இத்தனையும் முடியாது என்றால் முதல் வரி மட்டும் போதும், எட்டு மணி. இல்லையா, மே மாதத்தை விட்டுவிட்டு மார்கழி, தை மாதத்தில் நடத்துங்கள். வடசென்னையிலேயே நடத்துங்கள், தயவுசெய்து இதைக் காரணமாக வைத்து மறுபடி ஈ.சி.ஆருக்குப் போய்விடாதீர்கள். மண் தரை உள்ள மைதானம் நானே தேடித் தருகிறேன். சாமியானாவும் கட்டித் தருகிறோம், முதல் நாள் ராத்திரியே.

ஜூலிக்குப் பாதம் ஆறிவிட்டது. போன வாரம் முதல் காசிமேட்டுக்கு மறுபடி போகிறோம். 'ப்ளாட்ஸ்' என்றால் இப்போது படுப்பதற்கு முன் ஒரு காலால் தரையைத் தொட்டுப் பார்க்கிறாள். இரண்டு நொடி தாமதம், அதற்கு நீங்கள் மார்க் குறைப்பீர்கள். குறைத்துக்கொள்ளுங்கள், அதை நான் திருத்தப் போவதில்லை.

அடுத்த விதிப் புத்தகம் அச்சுக்குப் போகும் முன் ஒரு பதில் எழுதினால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
பன்னிரண்டாம் எண் நாயின் ஹேண்ட்லர்,
கொருக்குப்பேட்டை