உப்பளத்துப் படமும் உன் படமும்

அன்பு மகளுக்கு,

உன் படத்தைப் பார்த்துவிட்டு நான் ஒன்றும் சொல்லவில்லை என்று அம்மாவிடம் வருத்தப்பட்டாயாம். சொல்ல நிறைய இருந்தது. அதற்கு முன்னால் என் டிப்ளமோ படத்தை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று, பழைய கேசட்டைக் கொடுத்து பென் டிரைவில் மாற்றி வாங்கி வந்தேன். நேற்று ராத்திரி மூன்று முறை பார்த்தேன்.

1988-இல் தரமணி திரைப்படக் கல்லூரியில் படித்தபோது எடுத்தது. மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அம்மாவின் ஒரு நாள். கறுப்பு வெள்ளை, 10 நிமிடம். கையில் இருந்தது 400 அடி ரோல் ஐந்து. 35 எம்.எம்.மில் அப்படி ஒரு ரோல் நாலரை நிமிடம்கூட ஓடாது. அதனால் ஷாட் ஷாட்டாகத் தாளில் வரைந்து, நொடிக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்த உழைப்பு படத்தில் தெரிகிறது. அதில் எனக்கு இன்றும் சந்தோஷம்தான்.

ஆனால் முகங்கள் இருட்டிக் கிடக்கின்றன. சித்திரை வெயிலில் உப்பு கண்ணைப் பறிக்கும். அந்த வெளுப்பை அளந்தால், வெளிச்சம் அளக்கும் மீட்டர் லென்ஸின் துளையைச் சுருக்கத்தான் சொல்லும். முகத்துக்குப் பக்கத்தில் போய் இன்னொரு தடவை அளக்கிறேன் என்றான் ஒளிப்பதிவு செய்த நண்பன். நேரமில்லை என்று நான்தான் விரட்டினேன்.

அதைவிடப் பெரிய குறை இசை. எங்கள் கேமரா தையல் மெஷின் மாதிரி சத்தம் போடும். படம் எடுக்கும்போதே ஒலியும் பதிய முடியாது. சரி, நாக்ரா என்ற ஒலிப்பதிவுக் கருவியை ஒரு நாள் தூக்கிக்கொண்டு போய், பலகையால் உப்பை இழுக்கும் அந்தக் கரகரப்பை மட்டுமாவது பதிந்து வந்திருக்கலாம். போகவில்லை. வயலினை வைத்து நிரப்பிவிட்டேன். அந்த அம்மா தலையில் கூடையோடு நடக்கிறபோதெல்லாம் வயலின் அழுதுகொண்டே இருக்கிறது. அவர் முகத்தில் அழுகையே இல்லை.

ஆறாவது நிமிடத்தில் ஒரு ஷாட் வரும். அவர் கூடையைக் கவிழ்த்ததும் கட் சொல்ல வேண்டும். அடுத்த ஷாட்டின் கணக்கில் மூழ்கி மறந்துவிட்டேன். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அவர் வரப்பில் உட்கார்ந்து, காலைத் திருப்பிப் பாதத்தைப் பார்க்கிறார். உப்புத் தண்ணீரில் வெடித்த பாதம். ஒரு வெடிப்புக்குள் மாட்டியிருந்த உப்புக்கல்லை முந்தானை நுனியால் மெதுவாக எடுத்துவிட்டு எழுந்து போகிறார். நான் சொல்லிக் கொடுத்ததில்லை. எடிட்டிங்கில் உடனிருந்தவன், “இங்க மட்டும் வயலின் வேண்டாம்டா” என்று பிடிவாதம் பிடித்தான். படத்தில் வயலின் இல்லாத ஒரே இடம் அதுதான். நேற்று அந்த 20 நொடிக்காகத்தான் மூன்று முறை பார்த்தேன்.

இப்போது உன் படத்துக்கு வருகிறேன். வெளிச்சத்தைப் பார்க்கத் தெரிந்தவள் நீ. ஜன்னலோரம் ஆச்சியின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மறையவில்லை. ஆச்சி சிக்கெடுத்து, சீப்பில் வந்த முடியை விரலில் சுற்றி வைக்கும் அந்த இடத்தில் பியானோ எதற்கம்மா? சீப்பு இழுபடும் சத்தம் உன் ஒலிப்பதிவில் இருக்கும், தேடிப் பார். பியானோவை எடுத்துவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பார். பிடிக்கவில்லை என்றால் திரும்பப் போட்டுக்கொள், நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

அப்புறம், பொங்கலுக்கு வரும்போது ஹார்ட் டிஸ்க்கை எடுத்து வா. நீ கட் சொன்ன பிறகும் கேமரா ஓடியது கொஞ்சமாவது இருக்குமே, அதை அழித்துவிடாதே. ஆச்சி என்ன செய்தாள் என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா