செல்போனை அணைத்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து டேனரிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் தின்னர், லேக்கர், சொல்யூஷன் புழங்கும் அறை வாசலில் 'செல்போனை அணைக்கவும்' என்று பலகை தொங்குவதுண்டு. அந்த வாசகமே பாதி தவறு. அணைத்த போனுக்குள்ளும் பேட்டரி உயிரோடுதான் இருக்கிறது.

பலரும் சிக்னலுக்குத்தான் பயப்படுகிறார்கள். செல்போனின் அலைத்திறன் உச்சத்தில் சுமார் 2 வாட். தின்னரில் இருக்கும் டொலுயீன் போன்ற கரைப்பான்களின் ஆவி உள்ள இடத்துக்குச் சர்வதேசத் தரம் வைத்திருக்கும் வரம்பு 6 வாட். ஆபத்து பேட்டரியில் இருக்கிறது. 'நாலு வோல்ட்தானே' என்பார்கள். 4,000 மில்லிஆம்பியர்-மணி (mAh) பேட்டரியில் சுமார் 55,000 ஜூல் ஆற்றல் அடங்கியிருக்கிறது. டொலுயீன் ஆவி பற்ற 0.24 மில்லிஜூல் பொறி போதும். போன் விழுந்து பேட்டரி நசுங்கினாலோ, உள்ளே ஷார்ட் ஆனாலோ அந்தப் பொறி கிடைத்துவிடும். டொலுயீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம் என்பதால் தரையோடு தவழும். சட்டைப் பையிலிருந்து நழுவும் போன் ஆவி அடர்ந்த இடத்திலேயே போய் விழுகிறது. டொலுயீனின் தீப்பற்று நிலை, அதாவது பற்றக்கூடிய அளவுக்கு ஆவி எழும் குறைந்தபட்ச வெப்பம், 4 டிகிரி செல்சியஸ். நம் ஊர் மார்கழிப் பனிகூட அவ்வளவு குளிராது. ஆகவே வருடம் முழுக்க ஆவி உண்டு.

வேலைக்குப் போன், டார்ச், ஸ்கேனர் தேவை என்றால் வெடி அபாயப் பகுதிக்கென்று சான்று பெற்ற 'எக்ஸ்' (Ex) முத்திரைக் கருவி வாங்க வேண்டும். 'வாட்டர் ப்ரூஃப்' டார்ச் அதற்கு ஈடாகாது. சாதாரண வேலை நேரத்திலேயே ஆவி வரக்கூடிய மண்டலம் 1-க்கு, பொறி பற்றவைக்காத அளவுக்கு ஆற்றலைக் கட்டுப்படுத்தும் 'ஐபி' (ib) அல்லது 'ஐஏ' (ia) வகை வேண்டும். 'ஐசி' (ic) வகை, எப்போதாவது மட்டும் ஆவி வரக்கூடிய மண்டலம் 2-க்கு மட்டும். கழிவுநீர் நிலையத்தின் கசடுத் தொட்டிப் பக்கம் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருப்பதால் வாயு எவ்வளவு எளிதில் பற்றும் என்பதை வைத்துப் பிரித்த வாயுப் பிரிவில் '2ஏ' (IIA) போதாது, '2பி' (IIB) வேண்டும். தோலைத் தேய்க்கும்போது எழும் பஃபிங் தூசிக்கு முத்திரையே தனி.

வேலூர்க்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. முத்திரையில் சுற்றுப்புற வெப்பம் தனியாகக் குறிக்கப்படாவிட்டால் அந்தச் சான்று 40 டிகிரி வரைக்கும்தான். கத்திரி வெயிலில் நம் தகரக் கூரைக்கடியில் அது எந்த மூலைக்கு? 50 அல்லது 55 டிகிரி என்று பொறித்ததையே கேட்டு வாங்குங்கள். சார்ஜ் போடுவதும் பேட்டரி மாற்றுவதும் வெளியேதான். கண்ணாடி விரிசல் விட்டாலோ, தெருமுனைக் கடையில் பிரித்துப் பார்த்தாலோ அந்தச் சான்றை மறந்துவிடலாம்.

சாதாரண கேமராவை உள்ளே கொண்டுபோயே ஆக வேண்டிய நாளும் வரும். அன்றைக்கு ஸ்பிரேயை நிறுத்தி, டப்பாக்களை மூடி, எக்ஸாஸ்ட் ஓடவிட்டு, தரையோரம் கேஸ் டிடெக்டர் பிடித்து, சுழியம் காட்டிய பிறகே எழுத்து அனுமதி தர வேண்டும். வேலை முடியும்வரை டிடெக்டர் அணையக் கூடாது.

அந்த டிடெக்டரை நம்புவதிலும் ஒரு சிக்கல். பல கருவிகளில் இருப்பது, ஆவியை உள்ளே எரித்து அளக்கும் வினையூக்கிச் சென்சார். தோல் ஃபினிஷிங்கில் மினுமினுப்புக்கும் வழவழப்புக்கும் அடிக்கும் சிலிக்கான் அதைச் செத்துப்போகச் செய்யும். ஆவி நிறைந்திருந்தாலும் அது சமர்த்தாகச் சுழியமே காட்டும். தினமும் வேலைக்கு முன் சோதனை வாயுவைக் காட்டி அலாரம் அடிக்கிறதா என்று பார்த்தால் ஒழியத் தெரியாது. அகச்சிவப்புச் சென்சாரை சிலிக்கான் இப்படிக் கெடுப்பதில்லை, விலைதான் கூடுதல்.

மூடிய தொட்டிக்குள் தக்க பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கு கூடாது, தீப்பற்றும் வாயு இருக்கலாம் என்றால் 'ஃப்ளேம் ப்ரூஃப்' அல்லாத விளக்கே கூடாது என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஏ பிரிவு சொன்னது. விளக்கை நினைத்து எழுதியது அது. இன்று ஒருவர் உடம்பிலேயே போன், வாட்ச், புளூடூத் இயர்போன், வண்டி ரிமோட் என்று நான்கு பேட்டரி இருக்கிறது. (பெட்ரோல் பங்கில் 'செல்போன் கூடாது' பலகையையும் கியூஆர் அட்டையையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்துப் பழகிவிட்டோம்.)

ஆவி எட்டாத தூரத்தில், வாசலுக்கு வெளியே, பெயர் எழுதிய சிறு பெட்டிகள் வையுங்கள். இல்லாவிட்டால் போன் பைக்குள்தான் போகும். பலகையில் 'அணைக்கவும்' என்பதை அடித்துவிட்டு 'போன், வாட்ச், இயர்போன், பவர் பேங்க், ரிமோட் இங்கேயே வைக்கவும்' என்று எழுதுங்கள். தமிழோடு உருதுவிலும் இந்தியிலும்.

தொழிலகப் பாதுகாப்புப் பணியாளர்கள்,
ராணிப்பேட்டை